கோடைக் காலத்தில் கொல்லைத் தோட்டம்

பங்குனி பிறந்தவுடன் நம் கிராமங்களிலே காய்கறி அருகத் தொடங்குகிறது. தை அறுவடை முடிந்து வயல்கள் வெறும் தாளாகக் கிடக்கின்றன. ஏரியும் கண்மாயும் வற்றுகின்றன. கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. சந்தையிலே காய்கறி இல்லாமற் போவதில்லை. ஆனால், வேலை குறைந்த அந்த மாதங்களில் அதை விலை கொடுத்து வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயலுவதன்று. ஆகவே, சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களும் பல வீடுகளில் புளிக்குழம்பும் வற்றலும் ஊறுகாயுமாகவே கழிகின்றன.

இதன் விளைவு சிறிதன்று. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. உணவிலே கீரையும் காயும் குறைந்திருப்பது அவற்றுள் ஒன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகள், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கின்றன. ஐவருள்ள குடும்பத்திற்கு இது இரண்டு கிலோ ஆகிறது. இவ்வளவையும் கோடையிலே கொல்லையிலிருந்து எடுத்துவிடலாம் என்று நாம் ஆசை காட்ட முன்வரவில்லை. நாள்தோறும் ஒரு பிடி கீரையும், இரண்டு நாளைக்கொருமுறை ஒரு வேளைப் பொரியலுக்குக் காயும், தலையில் சூடவும் சுவாமி படத்திற்குச் சாத்தவும் நாலு பூவும் கிடைக்கும்படி செய்யலாம். இதற்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது நிலமின்மை அன்று. நீருக்கு மேற்பட்ட நிலத்தில் பயிர் வைப்பதும், காலந்தப்பி விதைப்பதுமே தோட்டத்தைக் கெடுக்கின்றன.

சென்ற கோடையில் வறண்ட பகுதியிலுள்ள கிராமம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஓர் அம்மையார் தம் வீட்டின் பின்புறம் முழுதாக ஒரு சென்டு நிலத்தைக் கொத்தி, எரு இட்டு, அழகாகப் பாத்தி பிடித்திருந்தார். வெண்டை, தக்காளி, அவரை, பாகல், கீரை எனக் கிடைத்த விதைகளையெல்லாம் ஊன்றியிருந்தார். நாம் சென்றது வைகாசி நடுவில். பாத்திகளிலே எஞ்சியிருந்தவை காய்ந்த குச்சிகளும், முறுக்கிச் சுருண்ட சில வெண்டைச் செடிகளுமே. “எனக்குக் கைராசி இல்லை ஐயா” என்று அவர் வருந்தினார். கைராசியில் குறையொன்றும் இல்லை. விதைத் தளை அவர் கைக்கு வந்ததே பங்குனி இறுதியில்தான். அத்தளையிலே கோடைக்கு ஒவ்வாத விதைகளும் கலந்திருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, எட்டுக் குடம் நீருள்ள வீட்டிலே பதினாறு குடம் கேட்கும் தோட்டத்தை அவர் போட்டுவிட்டார். இந்தக் கணக்கை அவருக்கு முன்னமே சொல்லுவார் ஒருவரும் இல்லை.

நீரை அளந்து நிலத்தை அளப்போம்

அக்கணக்கு எளியதே. ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நிறுத்தினால் அது ஒரு லிட்டர். கோடையின் உச்சத்தில், கடலோரம் நீங்கலாக உள்ள உள்மாவட்டங்களில், பயிர் மூடிய நிலம் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 லிட்டர் நீரைக் காற்றுக்கும் வெயிலுக்கும் கொடுத்துவிடுகிறது. ஒரு சென்டு என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு சென்டுத் தோட்டத்திற்கு நாளொன்றுக்கு 240 லிட்டர் வேண்டும். குடமொன்று 15 லிட்டர் கொள்ளுமாயின் இது 16 குடம். அரை சென்டுக்கு 8 குடம். மழைக்காலத்தில் இந்தக் கணக்கு நம்மை உறுத்துவதில்லை, வானம் கொடுத்துவிடுகிறது. கத்தரி வெயிலிலே நாம்தாம் கொடுக்கவேண்டும்.

இனி வரவைப் பார்ப்போம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்று அளவு வைத்தது. ஐவருள்ள வீட்டிற்கு இது 275 லிட்டர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் செலவாவது இதில் சிறு பகுதியே. மிகுதியெல்லாம் குளித்த நீராகவும், பாத்திரம் கழுவிய நீராகவும், அரிசி களைந்த நீராகவும், துணி துவைத்த நீராகவும் வெளியே போகிறது. கழிவறை நீரையும் சோப்புத்தூள் மிகுந்த துவைப்பு நீரையும் தள்ளிவிட்டால், தோட்டத்திற்குத் திருப்பக்கூடியது 100 முதல் 150 லிட்டர் வரை தேறும். அதாவது, கிணற்றிலிருந்து ஒரு குடங்கூடத் தனியே இறைக்காமல், கொட்டிப்போகும் நீரைக் கொண்டே ஏறக்குறைய அரை சென்டு நிலத்தைக் கோடையில் காப்பாற்றலாம். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் நீர் வரும் ஊர்களில் கால் சென்டு போதும் என்று மனத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். சிறிய தோட்டம் பசுமையாக இருப்பது, பெரிய தோட்டம் காய்வதைவிட மேலன்றோ?

எங்கள் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்திலே ஒரு தொட்டியையோ அண்டாவையோ வைத்து, மூன்று நாள் எத்தனை குடம் சேருகிறது என்று பாருங்கள். சேர்ந்த குடங்களை மூன்றால் வகுத்தால் ஒரு நாள் வரவு கிடைக்கும். குடம் ஒன்றுக்கு இரண்டரைச் சதுர மீட்டர், அதாவது சுமார் 27 சதுர அடி, என்று தோட்டத்தின் அளவை முடிவு செய்யுங்கள். எட்டுக் குடமானால் 20 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள இடம் சரியாக இருக்கும்.

கழிவு நீரைக் கையாளும் முறை

வீட்டுக் கழிவு நீரை அப்படியே வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குள் விட்டுவிடுதல் தவறு. எண்ணெய்ப் பசையும் சோறும் மண்ணின் கண்களை அடைத்து நாற்றம் பிடிக்கச் செய்யும். இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் சிறு கூழாங்கல், மேலே பருமணல் என நிரப்புக. நீர் மேலிருந்து வடிந்து, குழியின் அடிப்பக்கத்துக் குழாய் வழியே பக்கத்திலுள்ள சிறு தொட்டியில் சேரட்டும். குழியின் ஓரத்தில் கல்வாழையும் சேம்பும் நட்டால் அவை அழுக்கில் ஒரு பகுதியை உண்டு வளரும். கல்வாழைப் பூவும் கண்ணுக்கு இனிது. மேலாகப் படியும் கசட்டை மாதம் ஒரு முறை மணலோடு சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் இடவேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிட்டவர்கள், “குழி அடைத்துக்கொண்டது, திட்டம் சரியில்லை” என்று குறை கூறுவதை நாம் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. தொட்டியிலே சேர்ந்த நீரை அன்றன்றே செலவழித்துவிட வேண்டும். தங்கினால் கொசு பெருகும். டெங்குக் காய்ச்சலுக்கு வீட்டிலேயே இடம் கொடுத்தவர்களாவோம். நீரைச் செடியின் அடியில் ஊற்றுக, இலைமேல் தெளிக்கலாகாது. கீரைக்கும், கொத்தமல்லிக்கும், பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் கழிவு நீர் கூடாது. அவற்றிற்கு அரிசி, பருப்பு களைந்த நீரும் கிணற்று நீரும் உரியவை. துணி துவைக்கும் தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்யும். ஆதலால் துவைத்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். அலசிய நீரைக் கொடிகளுக்கு விடலாம். பத்து நாளைக்கொருமுறை நல்ல நீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் தங்கிய உப்பு கீழே இறங்கும்.

இடமும் நிழலும் வேலியும்

தோட்டத்திற்குக் காலை வெயில் நன்மை செய்யும்; பிற்பகல் வெயில் கொல்லும். ஆகவே வீட்டின் கிழக்குப் புறமோ வடக்குப் புறமோ கிடைத்தால் நலம். அவ்வாறு கிடைக்காதவர்கள் மேற்கு ஓரத்தில் அகத்தி, ஆமணக்கு இவற்றை நெருக்கமாக ஊன்றி நிழல் தட்டி போல வளர்க்கலாம். அகத்தி கீரையுமாகும். சித்திரை, வைகாசியில் கீரைப் பாத்திக்கு மேல் தென்னங்கீற்றை நாலடி உயரத்தில் நெருக்கமின்றிப் பரப்பினால் போதும். கீற்றின் இடையே வெயில் புள்ளி புள்ளியாக விழவேண்டும்.

மண்ணை மூடிவைத்தலே கோடைத் தோட்டத்தின் உயிர். வைக்கோல், உலர்ந்த சருகு, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தொல்லி ஆகிய எதுவாயினும் மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்புக. நீர் ஆவியாவது குறையும், களையும் குறையும். ஆனால் தண்டை ஒட்டி மூடினால் கறையான் ஏறும். நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, மண்ணில் சிறிது வேப்பம் புண்ணாக்கைக் கலந்துவிடுக.

கொடிக் குழிகளுக்குப் பானைப் பாசனம் மிகவும் ஏற்றது. வர்ணம் பூசாத மண் பானையைக் கழுத்து வரை மண்ணுள் புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டால் மூடிவிட வேண்டும். பானையின் சுவர் வழியே நீர் கசிந்து வேருக்கு நேரே செல்லும். வேரும் பானையைத் தேடி வந்து சுற்றிக்கொள்ளும். பானையிலே நல்ல நீர்தான் ஊற்றவேண்டும். சோப்பு நீர் ஊற்றினால் துளைகள் அடைந்துவிடும்.

ஆடும் கோழியும் பற்றிச் சொல்லாமல் கோடைத் தோட்டத்தைப் பற்றி எழுதுவது வீண். அறுவடைக்குப் பின் ஊர் ஆடுகள் எல்லாம் அவிழ்த்துவிடப்படுகின்றன. எங்கும் பசுமையற்ற காலத்தில் உங்கள் கொல்லை மட்டும் பச்சையாக இருந்தால் அவை வேறெங்கே போகும்? இப்போதைக்குக் கருவேல முள் வேலி கட்டிக்கொள்க. வரும் மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளையும் நொச்சியையும் ஆடாதோடையையும் வரிசையாக நட்டு உயிர்வேலி ஆக்கிவிடுக. ஆடு தொடாததால்தான் ஆடாதோடை அப்பெயர் பெற்றது என்பார்கள். நாம் பார்த்தவரையில் அது தன் பெயரைக் காப்பாற்றியே வருகிறது.

எதை விதைப்பது, எப்போது?

ஆடிப்பட்டம் தேடி விதைக்க நம்மவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. தைப்பட்டத்தைத்தான் மறந்துவிடுகிறோம். கோடைக் காய்கறியின் விதைப்புக் காலம் கோடை அன்று. தை மாதமும் மாசியின் முற்பாதியும் ஆகும். வெயில் கடுமையாகுமுன் வேர் ஆழமாக இறங்கிவிட்ட செடிதான் அக்கினி நட்சத்திரத்தைத் தாங்கும்.

கொடிக் காய்களில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பூசணி, பாகல், பீர்க்கு, புடல் முதலியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பகல் நீண்டு வெப்பம் மிகும்போது இவற்றில் ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறைகின்றன. “கொடி நிறையப் பூ; காய்தான் இல்லை” என்று சித்திரையில் பலர் வியப்பதன் இரகசியம் இதுவே. தையிலே ஊன்றிய கொடி மாசி, பங்குனியிலேயே பெண் பூக்களை விட்டுக் காய்க்கத் தொடங்கிவிடும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியெடுத்துப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் வலுவான இரண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். முளைத்ததைப் பிடுங்க மனம் வராமல் ஐந்தையும் விடுகிறவர்கள் ஐந்து நோஞ்சான் கொடிகளையே வளர்க்கிறார்கள். அரை சென்டுக்கு இரண்டு குழி போதும். ஒன்று புடலோ பீர்க்கோ, மற்றொன்று பாகல். பந்தல் போட முடியாதவர்கள் சுரையையோ பூசணியையோ கூரைமேல் ஏற்றலாம். கொடி கூரையில் இருந்தாலும் படர்ந்த இலைக்கு ஏற்ப வேர் நீர் கேட்கும் என்பதை நினைவிற் கொள்க. புடலங்காய் கோணாமல் நீள, பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் நம் பாட்டிமார் வழக்கம் இன்றும் நல்லதே.

பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அறியலாம். பூசணிப் பூ விடியலில் மலரும். காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பிஞ்சோடு கூடிய பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுக. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. அவற்றிற்கு விளக்கு வைக்கும் நேரமே ஏற்றது. வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள், பாடமும் ஆகும்.

வெண்டை கோடையைத் தாங்கும் செடிதான். ஆயினும் வெயிலோடு வெள்ளை ஈயும் பெருகி, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைச் செடிக்குச் செடி கொண்டுசெல்கிறது. இலை நரம்புகள் மஞ்சளாகிக் காய் வெளிறிவிட்டால் அச்செடிக்கு மருந்தில்லை. பிடுங்கிப் புதைப்பதே வழி. இந்நோயைத் தாங்கும் இரகங்களாகப் பார்த்து விதை வாங்குக. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, வரிசைக்கு ஒன்றரை அடியும் செடிக்கு ஓரடியும் விட்டு ஊன்றினால் 45 நாளில் முதற் காய் ஒடிக்கலாம். இருபது செடிகள் ஒரு வீட்டிற்குப் போதும். இரண்டு நாளைக்கொருமுறை தவறாமல் ஒடிக்க வேண்டும். முற்றவிட்டால் செடி அடுத்த பூவை விடாது.

கொத்தவரை எல்லாவற்றினும் குறைந்த நீரில் வாழும். பயறு இனமாதலால் மண்ணுக்கும் நன்மை செய்யும். நாம் கேட்டால், நீர் மிகக் குறைந்த வீட்டார் வெண்டையைக் குறைத்துக் கொத்தவரையைக் கூட்டவேண்டும் என்போம். கத்தரி, மிளகாய் நாற்றுகளைத் தையில் விட்டு மாசியில் ஆறாறு செடி நடலாம். அவை வெயிலில் சற்றுச் சோர்ந்தாலும் கோடை மழை ஒன்று பெய்ததும் தளிர்த்துக் காய்க்கும்.

கீரைக்கு ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் மூன்று பாத்தி. முதற் பாத்தியில் விதைத்துப் பத்து நாள் கழித்து இரண்டாவதிலும், மேலும் பத்து நாள் கழித்து மூன்றாவதிலும் விதைத்தால் முறை வைத்துப் பறித்துக்கொண்டே இருக்கலாம். முளைக்கீரை 25 நாளில் வேரோடு பறிக்கத் தயாராகும். விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, பூவாளியால் மெல்ல நீர் தெளிக்கவேண்டும். எறும்பு இழுத்துச் செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பலைத் தூவுவது பழைய முறை; பலனுள்ள முறை. சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எதுவும் ஆகும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பதால் அதற்கு ஒரு பாத்தியை நிலையாக ஒதுக்கிவிடலாம்.

ஒரு மூலையில் ஒரு முருங்கை கட்டாயம் இருக்கவேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையைப் புரட்டாசியில் விதைத்தால் பங்குனியிலேயே காய் தரும். காய்ப்பதற்கு முன்னும் பின்னும் கீரை தரும். மற்ற எல்லாப் பாத்தியும் வாடிய நாளிலும் முருங்கைக் கீரை வீட்டைக் கைவிடாது.

சமவெளியில் கோடைக்கு ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். பந்தல் அவரை பகல் குறுகிய பனிக்காலத்தில் பூப்பது. தையில் ஊன்றினால் கொடி ஓடும், காய் வராது. தக்காளி, பகல் வெப்பம் 35 பாகைக்கு மேற்பட்டு இரவும் தணியாதபோது பூவை உதிர்த்துவிடும். முட்டைக்கோசு, காரட், பீன்ஸ் ஆகியவற்றை மலைநாட்டாருக்கு விட்டுவிடலாம். இலவசமாகக் கிடைத்த விதை என்பதற்காக இவற்றை ஊன்றி நீரை வீணாக்குதல் கூடாது. உரிய பட்டத்திற்கு எடுத்துவைக்க வேண்டும்.

பூச்செடிகள்

காய்க்கே நீர் போதாதபோது பூவுக்கு ஏன் நீர் என்று சிலர் கேட்கிறார்கள். பூ இருக்கும் இடத்திற்குத் தேனீ வரும். தேனீ வந்தால் பாகலும் பூசணியும் காய்க்கும். இது ஒன்றே போதிய விடை. வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னும் நல்ல விடை கிடைக்கும்.

கோடையில் புதிதாக விதைக்க ஏற்றவை செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை ஆகிய மூன்றும். செண்டுமல்லி நாற்றைத் தையில் விட்டு ஒரு மாதத்தில் எடுத்துக் கத்தரி, வெண்டைப் பாத்திகளின் ஓரத்தில் நடுக. அதன் வேரிலிருந்து கசியும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்குகிறது. செடி ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விட்டுப் பூ மிகும். வாடாமல்லி தன் பெயருக்கேற்பப் பறித்த பின்னும் பல நாள் நிற்கும். நீரும் குறைவாகவே குடிக்கும். உடைந்த பானையிலும் ஓட்டைச் சட்டியிலும் பத்துமணிப் பூவை நட்டு வாசற்படியில் வைத்தால், சுட்டெரிக்கும் வெயிலிலே அது சிரித்துக்கொண்டிருக்கும். கிணற்றடியில் ஒரு துளசி மாடம் இருந்தால் அதன் பூவிலும் தேனீ மொய்க்கும். செவ்வரளி வறட்சியைத் தாங்குமாயினும் அதன் இலை, பூ, தண்டு யாவும் நஞ்சு. குழந்தைகளும் கன்றுகளும் நடமாடும் கொல்லைக்கு அது வேண்டா.

மல்லிகையைப் பற்றி மட்டும் சிறிது விரிவாகக் கூறவேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியாயினும், வேறு ஊர்க் குண்டுமல்லியாயினும், பங்குனி முதல் ஆனி வரை அதன் பருவம். அப்பருவத்துப் பூவுக்கான வேலை கார்த்திகையிலேயே முடிந்திருக்க வேண்டும். நவம்பர் இறுதியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்து, காய்ந்த கிளைகளை நீக்கி, அடியில் எரு இட்டால் அடுத்து வரும் புதுக் கிளைகளிலேதான் மொக்கு பிடிக்கும். கவாத்துச் செய்யாது விட்ட செடி புதராகி இலையாய் நிற்கும். செடியே இல்லாதவர்கள் வெயிலில் பதியன் நட்டு ஏமாறவேண்டா. ஆடிக்குப்பின் மழை ஈரத்தில் ஒரு குழி எடுத்து நடலாம்.

பூச்சிகளுக்கு

வீட்டுத் தோட்டத்திலே கடையில் விற்கும் நஞ்சுகளைத் தெளித்தலை நாம் ஒப்புவதில்லை. காலையில் தெளித்துவிட்டு மாலையில் அதே காயைப் பறிக்கும் இடம் அது. ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அசுவினியும் இலைப்பேனும் குறையும். மஞ்சள் வர்ணம் அடித்த தகர டப்பாவின்மேல் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். பாகல், புடலில் பழ ஈ குத்திய பிஞ்சுகளைத் தரையில் விடாமல் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். நல்ல பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடலாம்.

பஞ்சாயத்து செய்யவேண்டுவன

இதுவரை கூறியவை வீட்டாரின் வேலை. பஞ்சாயத்து மனம் வைத்தாலன்றி நடவாத காரியங்களும் சில உள்ளன.

முதலாவது, விதையின் காலம். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்தது; 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. ஜனவரி 26 என்பது தை மாதம் பன்னிரண்டாம் தேதியை ஒட்டி வருவது. கோடைத் தோட்டத்தின் விதைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அன்று கூடும் சபையிலே விதைத் தளைகள் கையில் இருக்குமாறு, மார்கழியிலேயே தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். எத்தனை வீட்டிற்கு, எந்த விதை என்றும் குறிப்பிடவேண்டும். மே முதல் தேதிச் சபையிலே விதை வழங்குவது, விருந்து முடிந்தபின் இலை போடுவதை ஒக்கும்.

இரண்டாவது, தெருக் குழாயடி. மேல்நிலைத் தொட்டியின் அடியிலும், கைப்பம்பின் பக்கத்திலும், பொதுக் குழாய்களைச் சுற்றியும் கோடையிலும் சேறு இருப்பதைக் காண்கிறோம். வீட்டிலே எட்டுக் குடம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது தெருவிலே எண்பது குடம் மண்ணில் சாய்கிறது. மூடியில்லாத குழாய்களுக்கு முதலில் திருகு பொருத்துக. பின்னும் சிந்தும் நீருக்கு ஒரு கால்வாய் எடுத்து, அதன் ஓரத்தில் வாழையும் முருங்கையும் பப்பாளியும் வைக்கலாம். சென்ற ஆண்டுகளில் ஊரக வேலைத் திட்டத்தில் பல ஊர்களில் உறிஞ்சுகுழிகள் கட்டப்பட்டன. அவற்றில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் தூர் எடுத்து, அருகில் ஆளுக்கொரு மரத்தைப் பொறுப்பாகக் கொடுத்தால் பழைய செலவு வீண்போகாது. காயை யார் பறிப்பது என்பதை நடும்போதே சபையில் தீர்மானித்துவிடுக. பின்னர் வரும் சச்சரவுகளில் பாதி இதனால் நீங்கும்.

மூன்றாவது, பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும். சத்துணவுக் கூடத்தில் அரிசியும் காயும் கழுவும் நீர் நாள்தோறும் பல குடம் வெளியேறுகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபின், அத்திட்டம் நடைபெறும் பள்ளிகளில் காலையிலும் இந்நீர் உண்டு. அங்கே ஒரு கீரைப் பாத்தியும் இரண்டு முருங்கையும் இல்லாமலிருப்பதற்குக் காரணம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை. மே மாத விடுமுறையில் நீர் ஊற்ற ஆளில்லாமல் செடி காய்வதே இங்குள்ள இடர். அந்த ஒரு மாதத்திற்கு அருகிலுள்ள வீட்டாரையோ மகளிர் சுய உதவிக் குழுவினரையோ முறை வைத்து நியமித்து, காய்ப்பதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

ஆடுகளைப் பற்றியும் பஞ்சாயத்தே பேசவேண்டும். வேலி போடுவது தோட்டக்காரரின் கடமை. அவிழ்த்துவிட்ட ஆட்டைக் கட்டுவது ஆட்டுக்காரரின் கடமை. இரண்டையும் ஒரே கூட்டத்திலே, இரு தரத்தாரையும் வைத்துக்கொண்டு பேசி முடிப்பது நல்லது. மேய்ச்சலுக்கு எந்தப் புறம்போக்கு, எந்த நேரம் என்று வரையறுத்துக் கொடுக்காமல் ஆட்டுக்காரரை மட்டும் கண்டிப்பதில் நியாயமில்லை. அவர்களுக்கும் அது பஞ்ச காலமே.

வைகாசி முடிவில் கொடிகள் ஓய்வுபெறும். ஒவ்வொரு வகையிலும் நோயற்ற செடியிலே நன்கு திரண்ட ஒரு காயை முன்னமே அடையாளமிட்டு முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்க. ஒட்டு விதையிலிருந்து வந்த செடிகளில் மட்டும் விதை எடுக்க வேண்டா, அவை தாயைப்போல் வாரா. சுரை, பீர்க்கு, பூசணி விதைகளைச் சாணத்தில் அப்பிச் சுவரில் வரட்டியாக ஒட்டிவைப்பதும், வெண்டை, கீரை விதைகளைச் சாம்பலில் புரட்டிப் புட்டியில் அடைத்துவைப்பதும் நாம் அறிந்த முறைகளே. புட்டியின்மேல் விதையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டி, அடுப்படிக்குத் தொலைவில், நிழலில் வைக்கவேண்டும். அரை சென்டுக்கு வேண்டியது போக மிஞ்சியதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். அவர்கள் முதலில் தங்கள் குளியலறைத் தண்ணீரை மூன்று நாள் அளந்து பார்த்திருந்தால்.